அலை: நம்ம கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும், அவர்களோடு சேர்ந்து குழம்புகிற பெற்றோரும், சில நேரம் தொழிலுக்குப் போகிற ஆட்களும் அலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பாட அலகின் வரிசையில் இல்லை, கேள்வி வருகிற வரிசையில் இருக்கிறது. கணக்கு கொஞ்சம் வரும். பெருக்கலும் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும்.

அலை வருகிறது என்றால் தண்ணீர் கரைக்கு வருகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதில் ஒரு தெளிவு வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. கல்லடிக் கடலில் அலை உடைகிற இடத்துக்கு அப்பால், வலையில் கட்டிய மிதவை ஒன்று மிதந்துகொண்டிருந்தால் அதை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பாருங்கள். அலையின் முடி அதற்குக் கீழே வரும்போது மிதவை மேலே எழும்பி, கரைப்பக்கம் லேசாகச் சாயும். முடி கடந்து பள்ளம் வரும்போது கீழே இறங்கி, கடல்பக்கம் பின்னுக்குப் போகும். அடுத்த அலைக்கு ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். மிதவைக்கு அடியில் இருக்கிற தண்ணீரும் அதே வட்டத்தைத்தான் போடுகிறது.

கதிர் விட்ட நெல்வயலில் காற்றடிக்கும்போது ஒரு வரம்பிலிருந்து மறு வரம்பு வரைக்கும் அலை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கதிர்கூட இடம் மாறவில்லை, ஆனால் ஏதோ ஒன்று வயலைக் கடந்து போகிறது. கடலில் அந்த ஏதோ ஒன்று சக்தி. ஊடகம் நின்ற இடத்திலேயே ஆடும், சக்தி ஊடகத்தின் ஊடாகப் பயணம் செய்யும்.

அந்த வட்டம் கடலின் அடி வரைக்கும் இருக்குமா?

கீழே போகப் போக வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். அலைநீளத்தில், அதாவது ஒரு முடியிலிருந்து அடுத்த முடி வரைக்கும் உள்ள தூரத்தில், பாதியளவு ஆழத்துக்குப் போனால் அசைவு இல்லை என்றே சொல்லலாம். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. மேலே 6 செக்கனுக்கு ஒன்றாக வருகிற காற்றலையின் நீளம் ஏறத்தாழ 56 மீற்றர், அதில் பாதி 28 மீற்றர். ஆகவே படகில் நிற்கிறவருக்கு வயிற்றைப் பிரட்டும், கப்பலடியில் சுழியோடுகிறவருக்கு அந்த அலை வந்ததே தெரியாது. அதே இடத்தில் 12 செக்கன் இடைவெளியில் வருகிற நீண்ட அலைக்கு நீளம் 225 மீற்றர் அளவில் இருக்கும். அது 50 மீற்றர் அடியிலும் லேசாக ஆட்டிப் பார்க்கும்.

அப்ப பந்து, போத்தல், நுரை எல்லாம் எப்படிக் கரைக்கு வந்து சேருது?

மூன்று காரணம். ஒன்று, காற்று மேற்பரப்பில் இருப்பதை நேரடியாகத் தள்ளும். இரண்டு, நான் சொன்ன வட்டம் முழுதாக மூடுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிய அளவு முன்னுக்கு நகர்கிறது. மூன்றாவதுதான் பெரிய காரணம்: அலை உடைந்த பிறகு அது நாம் பேசுகிற சுத்தமான அலை இல்லை. உடைந்த இடத்திலிருந்து கரை வரைக்கும் தண்ணீரே நிசமாக ஓடி வருகிறது.

ஓடி வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே?

போகத்தான் வேண்டும். அது போகிற வழியில்தான் ஆட்கள் சாகிறார்கள். கரையில் குவிந்த தண்ணீர், மணல்திட்டுகளுக்கு இடையில் ஆழமான ஒரு வாய்க்கால் கிடைத்தால் அதன் வழியாக ஒடுங்கி, வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் கருமையாக அமைதியாக இருக்கிற இடத்தைப் பார்த்து, இதுதான் குளிக்க நல்ல இடம் என்று இறங்குகிறார்கள். அது தவறு. அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்க வேண்டாம், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுவை ஒடுக்கமானது, கொஞ்சத் தூரத்தில் விட்டுவிடும். நுரைக்கிற இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளிவிடும்.

குறுக்கலை, நெட்டாங்கு அலை என்று இரண்டு வகை படிக்கிறோம். கடல் அலை எது?

இரண்டும் கலந்தது. ஊடகத்தின் துணிக்கை, அலை போகிற திசைக்குச் செங்குத்தாக ஆடினால் குறுக்கலை. ஒரு முனையைக் கட்டிவைத்த கயிற்றை மேலும் கீழும் உதறினால் வருவது அதுதான். போகிற திசையிலேயே முன்னும் பின்னும் ஆடினால் நெட்டாங்கு அலை, காற்றில் சத்தம் போவது அப்படி. கடல் மேற்பரப்பில் துணிக்கை வட்டம் போடுகிறது என்பதால் மேல்–கீழும் உண்டு, முன்–பின்னும் உண்டு. பரீட்சையில் கடலலையைக் குறுக்கலை என்று மட்டும் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

வேகம் = மீடிறன் × அலைநீளம். மீடிறனைக் கூட்டினால் வேகம் கூடும்தானே?

நிறையப் பிள்ளைகள் தடக்கி விழுகிற இடம் இது. சமன்பாட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மூன்று கணியத்துக்கும் மூன்று வேறு எசமான்கள். மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை அலை என்பதைத் தீர்மானிப்பது அலையை உண்டாக்கியது எதுவோ அது. வேகத்தைத் தீர்மானிப்பது அலை போகிற ஊடகம். இந்த இரண்டும் முடிவான பிறகு, அலைநீளத்துக்குச் சொந்த விருப்பம் ஒன்றும் இல்லை, கணக்குச் சரிவரும்படி அது தன்னை மாற்றிக்கொள்ளும்.

கடற்கரையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கம்பத்தையோ மிதவையையோ குறியாக வைத்து 10 அலை கடக்க எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். 80 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அலைக்கு 8 செக்கன், அதுதான் அலைக்காலம். மீடிறன் 0.125 ஹேர்ட்ஸ். ஆழ்கடலில் அலைநீளம் காணச் சுருக்கு வழி ஒன்று உண்டு: அலைக்காலத்தின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் மீற்றரில் அலைநீளம். 8 இன் வர்க்கம் 64, ஆகவே ஏறத்தாழ 100 மீற்றர். வேகம் செக்கனுக்கு 12.5 மீற்றர், அதாவது மணிக்கு 45 கிலோமீற்றர்.

அதே அலை 2 மீற்றர் ஆழமான இடத்துக்கு வருகிறது. ஆழம் குறைந்த நீரில் வேகம் என்பது புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த அளவு. 9.8 ஐ 2 ஆல் பெருக்கி மூலம் எடுத்தால் செக்கனுக்கு 4.4 மீற்றர். மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. ஆனால் 8 செக்கனுக்கு ஒரு அலை வருவது மாறவில்லை, மாறவும் முடியாது, ஏனென்றால் வெளியே இருந்து 8 செக்கனுக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, நடுவில் ஒன்றும் காணாமல் போகப் போவதில்லை. அப்போது அலைநீளம்தான் 100 இலிருந்து 35 மீற்றராகச் சுருங்க வேண்டும். கரைக்குக் கிட்ட அலைகள் நெருங்கி நெருங்கி வருவது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

பலமாகக் கத்தினால் சத்தம் சீக்கிரம் போய்ச் சேருமா?

சேராது. பலம் என்பது வீச்சம், அதாவது ஆட்டத்தின் அளவு. வீச்சம் கூடினால் சக்தி கூடும், அதுவும் வர்க்கத்தில் கூடும்: ஒரு மீற்றர் அலையைவிட இரண்டு மீற்றர் அலையில் நாலு மடங்கு சக்தி. ஆனால் சத்தத்தின் வேகம் காற்றின் கையில் இருக்கிறது. 0 பாகையில் செக்கனுக்கு 331 மீற்றர், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 கூடும். நம்ம ஊர் 30 பாகையில் 349.

கீச்சுக் குரலும் கட்டைக் குரலும் காற்றில் ஒரே வேகத்தில்தான் போகும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். மாமாங்கத்துத் தேரடியில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கிறதை அரைக் கிலோமீற்றர் தள்ளி நின்று கேட்டாலும் தாளம் பிசகாமல்தானே கேட்கிறது? மீடிறனுக்கு மீடிறன் வேகம் வேறென்றால் தூரத்தில் நிற்கிறவருக்குத் தவில் ஒரு பக்கமும் நாதஸ்வரம் இன்னொரு பக்கமும் போயிருக்கும்.

ஆனால் கடலில் நீளமான அலை வேகமாகப் போகும் என்கிறார்களே. முரண்படுகிறதே?

நல்ல கேள்வி. ஆழ்கடல் மேற்பரப்பு அலைக்கு அலைநீளத்தைப் பொறுத்து வேகம் மாறும், அது அந்த ஊடகத்தின் குணம். காற்றில் சத்தத்துக்கு அந்தக் குணம் இல்லை. அலைச் சவாரிக்குப் பேர்போன அறுகம்பே முழுக்க இந்தக் குணத்தால்தான் வாழ்கிறது.

ஏப்ரலில் இருந்து ஒக்ரோபர் வரைக்கும் அங்கே வருகிற நல்ல அலைகள் நம்ம கடலில் பிறந்தவை இல்லை. தெற்கே, இந்து சமுத்திரத்தின் அடிக்கோடியில் அடிக்கிற பெரும் புயல்களில் பிறந்தவை. புயலுக்குள் எல்லா நீளத்திலும் அலை கிளம்பும், தாறுமாறாகக் கிடக்கும். பிறகு ஓட்டம் தொடங்கியதும் பிரிய ஆரம்பிக்கும். அலைக்கூட்டம் ஒன்றின் சக்தி, தனி அலையின் வேகத்தில் பாதியில்தான் ஆழ்கடலில் நகரும். 15 செக்கன் அலைகளின் கூட்டம் ஒரு நாளைக்கு 1000 கிலோமீற்றர் போகும், 10 செக்கன் அலைகளின் கூட்டம் 675 மட்டும் போகும். 6000 கிலோமீற்றர் தள்ளி ஒரு புயல் அடித்தால் முன்னது ஆறாம் நாள் வரும், பின்னது ஒன்பதாம் நாள் வரும். வரும்போதே தரம் பிரித்து வருகிறது. அதோடு அந்த மாதங்களில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் அலையின் முகம் மழமழவென்று நிமிர்ந்து நிற்கும். மாரியில் வாடை கடலிலிருந்து நேரே அடிக்கும்போது பிறக்கிற அலை கிட்டத்தில் பிறந்தது, குட்டை, குழப்பம். அதனால்தான் அப்போது கடல் கொந்தளிப்பாகத் தெரியும், சவாரிக்கு ஆகாது.

அறுகம்பேயில் அலை முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் வருகிறதே, அலை எப்படி வளையும்?

முறிவு. கண்ணாடிக் குற்றியில் ஒளிக்கதிருக்குப் படிக்கிற அதே முறிவுதான். அலைமுடி ஒன்று ஒரு நீண்ட கோடு. முனைக்குக் கிட்ட இருக்கிற நுனி ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால் மெதுவாகிறது, வெளி நுனி ஆழத்தில் அதே வேகத்தில் ஓடுகிறது. ஒரு பக்கம் பிந்தி, மறுபக்கம் முந்தினால் கோடு திரும்பத்தானே வேண்டும்? எப்போதும் ஆழம் குறைந்த பக்கத்துக்கே திரும்பும். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் கரைக்கு வருகிற அலை ஏறத்தாழ கரைக்குச் சமாந்தரமாகவே வந்து விழுவதற்கும் இதுதான் காரணம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற முனைகளில் அலை குவியும், உள்வாங்கிய குடாக்களில் பரந்து மெலியும்.

அறுகம்பேயில் வளைந்து வருகிற கோடு, தரை மேடாகிற இடத்தைச் சரிவாகச் சந்திக்கிறது. எனவே முழு நீளத்துக்கும் ஒரேயடியாக உடையாமல், ஒரு நுனியில் தொடங்கி மறு நுனி வரைக்கும் படிப்படியாக உடைந்துகொண்டு போகும். பலகைக்காரர் ஓடுவது அந்த உடைகிற நுனிக்குச் சற்று முன்னால்.

அலை ஏன் உடையுது? பாசிக்குடாவில் ஏன் பெரிதாக உடைவதில்லை?

அலையின் உயரம், அந்த இடத்துத் தண்ணீர் ஆழத்தில் ஏறத்தாழ 0.8 பங்கை எட்டும்போது உடையும். முடிக்குக் கீழே தண்ணீர் கூட, பள்ளத்தில் குறைவு. ஆகவே முடி வேகமாக, பள்ளம் மெதுவாக. முடி தன் அடியை முந்திக் கவிழ்ந்துவிடும். ஒரு மீற்றர் அலை 1.3 மீற்றர் ஆழத்தில் உடையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பாசிக்குடாவில் வெளியே இருக்கிற பவளப்பாறைத் திட்டிலேயே அலை உடைந்து சக்தியை விட்டுவிடுகிறது. பவளப்பாறையை உடைத்தால் கரை போகும் என்று சொல்வது வெறும் பேச்சில்லை.

சுனாமியும் இதே அலைதானா?

அதே பௌதிகம், அளவுதான் வேறு. 2004 டிசம்பர் 26 காலை, நம்ம நேரப்படி 6.58க்கு, சுமாத்ராவுக்கு மேற்கே கடற்தரை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு வெடித்து நகர்ந்தது. பூமியதிர்ச்சியின் அளவு 9.1. காற்று தட்டியெழுப்புவது மேற்பரப்பைத்தான், தரை தூக்கியதோ தரையிலிருந்து மேற்பரப்பு வரைக்கும் உள்ள முழு நீரையும். அப்படிப் பிறந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அதற்கு வங்காள விரிகுடாவின் நாலு கிலோமீற்றர் ஆழமும் ஆழம் குறைந்த நீர்தான். மேலே சொன்ன சமன்பாட்டைப் போடுங்கள்: 9.8 பெருக்கல் 4000, வர்க்கமூலம், செக்கனுக்கு 198 மீற்றர். மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். இடையில் கிடந்த 1600 கிலோமீற்றரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கடந்து நம்ம கரைக்கு வந்தது.

நடுக்கடலில் அதன் உயரம் எவ்வளவு தெரியுமா? அன்று மேலே போய்க்கொண்டிருந்த ஜேசன்-1 செய்மதி அளந்தது ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். அந்த 60 சென்ரிமீற்றரும் பல நிமிடங்களில் மெல்ல எழும்பி மெல்ல இறங்கும், ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்தவருக்குத் தெரியக் காரணமே இல்லை. அந்த அலை 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது வேகம் செக்கனுக்கு 10 மீற்றராக இறங்கிவிடும். வேகம் குறைந்தாலும் பின்னால் வருகிற சக்தி வந்துகொண்டேயிருக்கும், அதை அடக்க உயரம் ஏற வேண்டும். ஆழ விகிதத்தின் நாலாம் மூலம் என்பது கணக்கு: 4000 இலிருந்து 10 க்கு வந்தால் உயரம் ஏறத்தாழ நாலரை மடங்கு. தரையில் ஏறும்போது இன்னும் கூடும்.

சாதாரண இரண்டு மீற்றர் அலைக்கும் சுனாமிக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. சாதாரண அலையின் முடி நாலைந்து செக்கனில் கடந்துவிடும், தண்ணீர் திரும்பிவிடும். சுனாமியின் முடி பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே இருக்கும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் மேடில்லாத, கரைக்கு ஒட்டி நெருக்கமாக வீடு கட்டிய ஊர்கள். அன்று நாட்டிலேயே அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்.

கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வருமா?

இல்லை, இதைத் தயவுசெய்து எல்லாருக்கும் சொல்லுங்கள். வெடிப்பின் மேற்குப் பக்கம் தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்துக்கு முதலில் பள்ளம் போனது, கடல் உள்வாங்கியது. மேற்கே இருக்கிற நமக்கு முதலில் முடி வந்தது. உள்வாங்கல் பிறகுதான், இரண்டு அலைக்கு நடுவில். கடல் வற்றினால் உடனே ஓட வேண்டும் என்பது சரி. வற்றவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது பிழை. முதல் அலை போனதும் பொருள் எடுக்க இறங்குவதும் பிழை, அடுத்தது பத்து நிமிடத்திலும் வரலாம், ஒரு மணித்தியாலம் கழித்தும் வரலாம், பெரிதாகவும் இருக்கலாம்.

இன்னொரு விசயம். அதே அதிர்ச்சி இரண்டு வகை அலையை அனுப்பியது. பாறைக்குள்ளால் போகிற முதன்மை அலை செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் நாலு நிமிடத்துக்குள் இலங்கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்த மேற்பரப்பு அலையில் நம்ம நிலமே ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் ஏறி இறங்கியது. ஆனால் அரை நிமிடத்துக்கு மேற்பட்ட அலைக்காலத்தில் அது மெதுவாக நடந்ததால் பெரும்பாலோருக்கு உணர்வே இல்லை. பாறையலைக்கும் நீரலைக்கும் இடையிலான அந்த வேக வித்தியாசம் நமக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அவகாசம் தந்தது. 2004 இல் அதைப் பயன்படுத்த இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. அறிவித்தல் வந்தால் கடலைப் பார்க்கப் போகாதீர்கள்.

மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன் சத்தத்தை ஏன் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்கிறார்கள்?

பாடுவது மீனா, ஊரி என்ற ஓட்டுயிரியா என்ற வழக்கை விட்டுவிடுகிறேன். கேட்கிற முறையில் இருக்கிற பௌதிகம் அருமையானது. நிலாக்காலத்தில், கல்லடிப் பாலத்தடியில் வாகனச் சத்தம் அடங்கின பிறகு, தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதோடு ஒட்டி வைப்பார்கள். 1848 இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரியும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் பலமடங்கு கூடியது என்று எழுதி வைத்திருக்கிறார்.

காரணம் இதுதான். ஒரு ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலை போகும்போது இரண்டும் எவ்வளவுக்கு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு அலை எல்லையில் தெறித்துத் திரும்பும். தண்ணீருக்கும் காற்றுக்கும் வேறுபாடு மிகப் பெரிது, சத்தத்தின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேலே வரும். மீதி தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும். மரம் அப்படியில்லை, சத்தத்தின் கண்ணுக்கு மரமும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆகவே தண்ணீரிலிருந்து துடுப்புக்குள் தாராளமாகப் போகும், துடுப்பிலிருந்து நேரே உங்கள் மண்டையோட்டுக்குப் போகும், இடையில் காற்றே இல்லை.

இரவில் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கோயில் ஒலிபெருக்கி கிழக்கே எழுவான்கரையில் பக்கத்தில் கேட்கிற மாதிரிக் கேட்கிறதே?

பகலில் நிலம் சூடு, அதையொட்டிய காற்றும் சூடு, மேலே குளிர். சூடான காற்றில் சத்தம் வேகம் என்பதால் அலைமுகத்தின் அடிப்பகுதி முந்தும், அலை மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். இரவில் தலைகீழ்: வாவியை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், மேலே சற்றுச் சூடு, சத்தம் கீழ்நோக்கி வளையும். தட்டையான வாவி நீர் அதைத் திரும்பத் தெறிக்க வைக்கும். இப்படி வளைந்தும் தெறித்தும் சத்தம் அக்கரை வரைக்கும் வரும். அறுகம்பே அலையை வளைத்த அதே முறிவுதான் இது.

இடி எவ்வளவு தூரத்தில் என்று எப்படிக் கணிப்பது?

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் இடி கேட்டால் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, வயலில் நிற்கிறவர் உடனே உள்ளே போக வேண்டிய தூரம் அது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இதை மறக்க வேண்டாம்.

கொழும்பு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு கடக்கும்போது சத்தம் ஏன் இறங்குது?

தொப்ளர் விளைவு. பஸ் வரும்போது ஒவ்வொரு அலைமுகமும் முந்தியதைவிடக் கிட்டத்திலிருந்து கிளம்புகிறது, ஆகவே நெருங்கி வரும். போகும்போது ஐதாகும். 72 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் போகிற பஸ்ஸுக்கு வரும்போதும் போகும்போதும் கேட்கிற மீடிறன்களின் விகிதம் ஏறத்தாழ 1.12. சங்கீதம் படித்தவருக்குச் சொன்னால் சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து சட்சத்துக்கு இறங்குகிறது. இறங்குவது படிப்படியாக இல்லை, பஸ் உங்களைக் கடக்கிற அந்தக் கணத்தையொட்டிச் சட்டென்று. தூரம் கூடுவதால் குறைவது உரப்புத்தான், சுருதி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒளிக்கும் ரேடியோவுக்கும் ஊடகம் வேண்டாம் என்றால் அங்கே என்ன ஆடுது?

மின்புலமும் காந்தப்புலமும். ஒன்றின் மாற்றம் மற்றதை உண்டாக்கி, வெற்றிடத்திலும் செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் போகும். பண்பலை 100 மெகாஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3 மீற்றர். மத்திய அலை 1000 கிலோஹேர்ட்ஸ் என்றால் 300 மீற்றர். தன் நீளத்தோடு ஒப்பிடக்கூடிய தடையைச் சுற்றி அலை வளைந்து போகும், அதைவிடப் பெரிய தடைக்குப் பின்னால் நிழல் விழும். பண்பலை மலைக்குப் பின்னால் அறுபட, மத்திய அலை சுற்றி வருவது அதனால்தான்.

இரண்டு அலை மோதினால் என்ன நடக்கும்?

மோதவே மோதாது, ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் போய்விடும். வாவியில் எதிரெதிரே வந்த இரண்டு தோணிகளின் அலைகளைக் கவனியுங்கள். சந்திக்கிற இடத்தில் முடியும் முடியும் சேர்ந்தால் உயரம் கூடும், முடியும் பள்ளமும் சேர்ந்தால் தட்டையாகும். அப்புறம் இரண்டும் ஒன்றும் நடக்காத மாதிரித் தன் தன் வழியில் போகும். மேற்பொருந்துகை என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

பெரிய அலைகள் கூட்டமாக வருவதும் அதனாலா?

ஆம். ஏழாவது அலை பெரிது என்று சொல்வதில் ஏழு என்ற எண்ணுக்கு ஒரு விசேசமும் இல்லை, கூட்டமாக வருவது உண்மை. 12 செக்கன் அலையும் 13 செக்கன் அலையும் ஒன்றாக வந்தால் சில நேரம் முடியோடு முடி சேரும், பிறகு மெல்ல விலகி ஒன்றையொன்று அழிக்கும், மறுபடி சேரும். சேர்வதிலிருந்து அடுத்த சேர்வுக்கு 156 செக்கன், அதற்குள் பன்னிரண்டு பதின்மூன்று அலை. இசைக்கருவியைச் சுருதி சேர்க்கும்போது கேட்கிற அடிப்பும் இதேதான். உண்மையான கடலில் இரண்டுக்கு மேற்பட்ட அலைகள் கலந்திருப்பதால் இடைவெளி இவ்வளவு ஒழுங்காக இராது, ஆகவே தொழிலுக்குப் போகிறவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தோணியைத் தண்ணீர் விளிம்பில் பிடித்துக்கொண்டு, பெரிய அலைகள் வந்து முடியும் வரைக்கும் நின்று, அடங்கின அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தள்ளி, உடைகிற கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.